கீறல் விழுந்த சொம்பு

நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காசியில் ஒரு இதய நோயாளி. ஒரு மணி நேரத்துக்குள் நான் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். மீன்கார புஷ்பம் ஓங்கிய கத்தியை இறக்கினாள்.

“இன்னாம்மா, மறுபடியும் ஆகாசத்துக்கா? போய்ட்டு வா, உன் மீனு ஐஸ்ல கீது.”

நான் ஷகீலா, ராயப்பேட்டைக்காரி. ஏர் ஆம்புலன்ஸில் பதினோரு வருடமாக நர்ஸ். நோயாளிகள் என்னை ஒன்றும் செய்வதில்லை. கூட வரும் சொந்தக்காரர்கள்தான் என் உயிரை வாங்குவார்கள்.

இந்த முறை நோயாளி மயிலாப்பூர் அனந்தராமன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காசி யாத்திரை போன இடத்தில் மாரடைப்பு வந்து, இதயத்தில் ஒரு வால்வு கிழிந்துவிட்டது. மாலைக்குள் அடையாறு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தால் பிழைப்பார், தாமதமானால் கஷ்டம் என்று எங்களுடன் வந்த டாக்டர் ஆசிஃப் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

காசி விமான நிலையத்தில் அவருடைய மனைவி சூடாமணி மாமி ஒரு பையை அணைத்தபடி நின்றிருந்தார். எட்டு கிலோ என்று போனில் சொன்ன பை தராசில் இருபத்தாறு காட்டியது.

“துணிமணிதாம்மா,” என்றார் மாமி, என் முகத்தைப் பார்க்காமல்.

பையைத் திறந்தேன். மூடியில் ஈயம் வைத்து அடைத்த குட்டிக் குட்டிச் செப்புச் சொம்புகள், நாற்பது.

“மாமி, பாத்திரக்கடை வெக்கப் போறீங்களா?”

“கங்கா ஜலம்மா. காசிக்குப் போயிட்டு வெறுங்கையோடயா ஆத்துக்கு வர்றது? தெருவுல அத்தனை பேரும் காத்துண்டிருப்பா.”

பைலட் வெங்கடரமணன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இவ்ளோ எடைன்னா ஃப்யூலைக் குறைக்கணும். நாக்பூர்ல இறங்கி ரொப்பிக்கணும். ஒரு மணி நேரம் போயிடும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மாமியே தரையில் உட்கார்ந்து சொம்புகளை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்துவிட்டார். முப்பத்தொன்பதை வைத்தார். நாற்பதாவதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

“இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்மா.”

என்ன பிடிவாதமோ, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு வாத்தியாரின் ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. தொண்ணூறு. எண்பது. அறுபத்தெட்டு. ஆசிஃப் மருந்தை ஏற்றினார். நான் ஆக்சிஜனைக் கூட்டிவிட்டுத் திரும்பினால், மாமி தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அந்தச் சொம்பின் ஈயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது.

அப்போதுதான் அந்த ஒரு சொம்பு எதற்கென்று புரிந்தது. எங்கள் வாப்பாவின் உயிர் பிரியும்போது வாயில் மக்காவின் ஜம்ஜம் தண்ணீர் விட்டவள் நான். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“மாமி! அதைக் கீழ வைங்க!” கத்திவிட்டேன். “இன்னும் அதுக்கு நேரம் வரலை. நீங்க அவர் கையைப் புடிச்சுக்குங்க, சொல்றேன்.”

மாமி சொம்பை மடியில் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எழுபத்து நாலு. எண்பத்தொன்று. தொண்ணூற்றாறு. ஆசிஃப் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஊக்கு வளைந்து போயிருந்தது, ஈயம் மட்டும் அசையவில்லை. அடைத்துக் கொடுத்த அந்தக் காசிக் கடைக்காரனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபரேஷன் தொடங்கியது. நன்றாகவே முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து மாமியிடமிருந்து போன் வந்தது. “காசிக்குப் போயிட்டு வந்ததுக்கு ஞாயித்துக்கிழமை ஆத்துல கங்கா சமாராதனை. நீ வராம சொம்பை உடைக்கறதில்லேன்னுட்டார் இவர்.”

போனேன். கூடத்தில் கூட்டம் நெரிந்தது. ஒரே சொம்பை வைத்துக்கொண்டு தெருவுக்கே எப்படித் தருவது என்று கேட்டவர்களிடம், ஓர் அண்டாத் தண்ணீரில் கலந்துவிட்டால் அத்தனையும் கங்கைதான் என்று வாத்தியார் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தார். சொம்பைத் திருப்பிப் பார்த்தவர் கண்ணைச் சுருக்கினார்.

“யாருடி இது, மூடி பூரா இப்படிக் கீறி வெச்சிருக்கறது?”

மாமி என்னைப் பார்த்தார். விமானத்தில் வெளுத்துப் போயிருந்த அதே முகம்.

“ஏர்போர்ட்ல செக்கிங் சார்,” என்றேன். “கண்டதையும் குத்திப் பாப்பாங்க.”

“புத்தி கெட்டவா,” என்று சொல்லிக்கொண்டே ஒரே நெம்பில் மூடியைப் பெயர்த்தார். தன் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக்கொண்டு, தானே உறிஞ்சிக் குடித்தார்.

“ஏண்டி அழறே? உனக்கும் இருக்கு, கையை நீட்டு.”

மாமி சிரித்தபடி கையை நீட்டினார்.