அண்ணன் கொடுத்த பிளேட்லெட்

மெக்கானிக்குக்கும் அவன் தம்பிக்கும் பேச்சு நின்று பல வருடம். அப்பா படுக்கையில் விழுந்தபோது யார் பார்த்துக்கொள்வது என்று முட்டிக்கொண்டார்கள்; அவர் போன பிறகும் அது ஆறவில்லை. ஆனாலும், தம்பியின் காலில் வந்த கட்டி சீழ் பிடித்து ரத்தம் முழுக்க விஷமாகிவிட்டது என்று தம்பி மனைவி போனில் அழுததும், கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

தம்பிக்கு ஈறிலும் ஊசி குத்திய இடத்திலும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பிளேட்லெட் அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டதாம். மெக்கானிக் கையை நீட்டிப் படுத்தான். மெஷின் அவன் ரத்தத்தை இழுத்து, பிளேட்லெட்டைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பியது. ரத்தம் உறையாமலிருக்க மெஷின் சேர்த்த மருந்தில் அவன் உதடு மரத்துப்போனது.

யார் கொடுத்தது என்று தெரிந்ததும் தம்பி தன் மனைவியிடம் முனகினான். "வேற ஆளே கிடைக்கலையா?"

கசிவு நின்றது. ஆனால் மறுநாளே நுரையீரல் கைவிட்டது. தம்பி போய்ச் சேர்ந்தான்.

டாக்டரம்மா வராந்தாவில் நின்று விளக்கினார். "கிருமியைவிட உடம்போட எதிர்ப்புதான் அவரைச் சாய்ச்சிருச்சும்மா. பிளேட்லெட் ரத்தத்தை உறைய வைக்கிறதோட நிக்காது. இந்த மாதிரி நேரத்துல வெள்ளை அணுவோட ஒட்டிக்கிட்டு அதை உசுப்பிவிடும். அது வெறி புடிச்ச மாதிரி சொந்த நுரையீரலையே தாக்கும். சில சமயம் அதே பிளேட்லெட் அடக்கியும் வைக்கும்..."

"அப்போ இவர் குடுத்ததுதான் உசுப்பிவிட்டிருக்கு," என்றாள் தம்பி மனைவி.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலம்மா! அவரோட சொந்த பிளேட்லெட்டே அதைத்தான் பண்ணிட்டிருந்துச்சு. இதைக் குடுக்காம கசிவை நிறுத்தியிருக்கவே முடியாது."

அவள் காதில் அது ஏறவில்லை. சாவு வீட்டில் மெக்கானிக் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஒரு வாரம் வண்டிகளோடு மல்லுக்கட்டிப் பார்த்தான். முடியாமல் மறுபடி டாக்டரம்மா முன்னால் போய் நின்றான்.

"என்னாலதானா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்கம்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பெரும்பாலும் இல்லைங்க. குடுத்தது சரியான முடிவுதான். ஆனா அடியோட இல்லைன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. அந்த அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "என்னங்க சொன்னாங்க?"

"இல்லவே இல்லைன்னுட்டாங்க."

"அதை உங்க தம்பி பொண்டாட்டிகிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்களேன்."

அவன் குழாயடிக்குப் போய், கிரீஸ் இல்லாத கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.