பதிவகத்துத் தண்ணீர்

வெளிநாட்டார் பதிவகத்தின் விவரங்கள் ஊர்க் குடிதண்ணீரில் கலந்துவிட்டன என்பது செய்தியாக வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பதிவகம் ஆற்றங்கரையில் இருந்த பெரிய கட்டடம். அதன் நிலவறையில் கணினிகள் வரிசை வரிசையாக இரவும் பகலும் சூடேறிக் கிடந்தன. அவற்றைக் குளிரவைக்கக் குழாய்களில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கோ ஓர் இணைப்பு தேய்ந்து, அந்தத் தண்ணீர் ஊர்க் குழாயோடு சேர்ந்துவிட்டது. நிறம் மாறவில்லை, வாடையும் இல்லை. குடித்தவர்களுக்கு முன்னால் வெளிநாட்டார் யாராவது வந்து நின்றால் மட்டும், அவருடைய பிறந்த தேதியும் பழைய நோயும் முந்தைய கல்யாணமும் சொந்தக்கார வீட்டு விஷயம் போல ஞாபகத்துக்கு வந்தன. கொதிக்க வைத்துப் பார்த்தார்கள், டீயிலும் வந்தது. உள்ளூர்க்காரர்களின் விவரங்கள் எதிர்க்கரையில் வேறொரு கட்டடத்தில் இருந்ததால் அவர்களைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் பெண்ணுக்கு, கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் இஸ்திரியக்கா. அவளுக்கு விஷயம் பஸ்ஸில்தான் பிடிபட்டது. முன்பின் பழகாத ஓட்டுநர், சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, “பொறந்தநாளும் அதுவுமா வேலைக்குக் கெளம்பிட்டீங்களே” என்று சிரித்தார். அவளே மறந்திருந்த பிறந்தநாள். அன்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் வாடகை வாங்கும் வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தி, அவள் புருஷனின் வேலை அனுமதி எப்போது முடிகிறது என்பதை அவளுக்கே எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகு வீடு தர இயலாது என்று மிகவும் வருத்தப்பட்டார். நல்ல மனிதர்தான், தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க அவருக்கு வரவில்லை. அன்று மாலை கீழ்வீட்டுத் தையல்காரர் படியில் எதிர்ப்பட்டபோது, அவர் தன் நாட்டில் எந்தச் சிறையில் எதற்காகக் கிடந்தார் என்பதும், அங்கே அவரை என்ன செய்தார்கள் என்பதும் இஸ்திரியக்காவின் தலைக்குள் வந்து நின்றன. மத்தியானம் அவள் குடித்திருந்த ஒரு டம்ளர் தண்ணீர் அது. தையல்காரரும் குடித்திருப்பார் போல; அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இருவரும் சுவரோடு ஒட்டி, உடம்பு படாமல், ஒருவரை ஒருவர் கடந்து போனார்கள்.

தன்னைப் பற்றி அந்த மனிதருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்தபோதுதான் அவளுக்கு மகளின் நினைவு வந்தது. பதினாறு வயதாகியும் வீட்டில் பாப்பா என்றே கூப்பிடப்படும் மகள், அவள் பெற்ற மகள் அல்ல. கல்யாணமாகாத தங்கை பெற்ற குழந்தை. பிறந்த சூடு ஆறும் முன்னே இவள் தூக்கிக்கொண்டு, மாற்றலாகிப் போன புருஷனோடு வேறு ஊர் போய், தன் பிள்ளை என்று சொல்லிக்கொண்டாள். நாடு விட்டு இங்கே வந்தபோது குடும்ப அனுமதிக்காக ரத்தம் எடுத்தார்கள்; அது ஒத்துப்போகவில்லை. பதிவக அதிகாரி கதவைச் சாத்திவிட்டு, உண்மையைச் சொன்னால்தான் பிள்ளையை உள்ளே விட முடியும் என்றார். “இந்த நாலு சுவத்தத் தாண்டாதும்மா” என்று மேஜையைத் தட்டிச் சத்தியம் போலச் சொன்னார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டெழுதிக்கொண்டார்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சுருக்கமாகப் பேசுகிறவன். “அடுத்தவன் சொல்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு” என்றான். சொல்லலாம் என்று மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். பின்னி முடித்து, அவிழ்த்து, மறுபடி பின்னியும் வாய் வரவில்லை. தங்கைக்குப் போன் போட்டாள். தங்கைக்கு இப்போது புருஷன், இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரும் இருந்தார்கள். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசினாள்.

“அக்கா, அவ என்னைச் சித்தின்னே கூப்பிடட்டும். அதுக்கு மேல எதுவும் என்னால தாங்க முடியாதுக்கா.”

அதனால் இஸ்திரியக்கா தன்னால் முடிந்ததைச் செய்தாள். வெளியூரில் நிரப்பிய தண்ணீர் கேன்களை வாங்கி மாடி ஏற்றினாள். குழாயில் பூச்சி வருகிறது என்று மகளிடம் சொல்லி, சமையலறைக் குழாய்க்குத் துணி சுற்றினாள். பள்ளிக்குப் பெரிய பாட்டிலாகக் கொடுத்தனுப்பினாள். வெளியே ஒரு வாய் குடிக்கக் கூடாது, சிநேகிதி வீட்டு ஜூஸ்கூடக் கூடாது என்று தினமும் சொன்னாள். பாப்பா ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. தானும் ஒரு கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறி வந்தாள். கடைக்காரர்கள், அடுத்த வீட்டுக்காரர்கள், பள்ளி வாட்ச்மேன் என்று வாய் திறக்கக்கூடிய ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து இஸ்திரியக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லோரும் வாக்குக் கொடுத்தார்கள். வாக்குக் கொடுத்த கண்களாலேயே பாப்பாவை இரக்கத்தோடு பார்த்தார்கள். அதை அவளால் தடுக்க முடியவில்லை.

பதிவகத்துக்கும் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். கசிவு எதுவும் இல்லை, தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகவே பேசினாள். புகார் கொடுக்கலாம் என்றாள். ஆனால் எது கசிந்தது என்று நிரூபிக்க, எல்லா விவரங்களையும் முதலிலிருந்து மறுபடி பதிய வேண்டியிருக்கும். அதோடு வீட்டில் யாருக்கு எது தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படிவத்தில் அதற்கென்று புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. இஸ்திரியக்கா கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணின் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “பொண்ணுகிட்ட இன்னும் சொல்லலையா?” என்று ஜன்னல்காரி தணிந்த குரலில், உண்மையான அக்கறையோடு கேட்டாள். இவள் திரும்பி வந்துவிட்டாள்.

கோடை முழுவதும் அப்படியே போனது. ஒரு மாலை, கேனோடு இரண்டாம் மாடி திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, பாப்பா பின்னாலிருந்து, “இடது கையால தூக்காதம்மா, ஆபரேஷன் பண்ண பக்கம்” என்றாள். இங்கே வந்த புதிதில் மார்பில் எடுத்த கட்டியைப் பற்றி இஸ்திரியக்கா மகளிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கும் பதிவகத்துக்கும் புருஷனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அவள் கேனைப் படியில் இறக்கி வைத்தாள்.

“எப்பலேருந்து?”

“மொத நாளே. ஸ்கூல்ல தாகமா இருந்துச்சு.”

“எல்லாமேவா?”

“எல்லாந்தாம்மா. சித்தி சமாச்சாரமும்.”

“தெரிஞ்சுமா இத்தனை நாளும் கேன் தூக்குனே?”

“நீ தூக்குறப்ப நான் எப்படிம்மா கைய வீசிக்கிட்டு வர்றது?”

இஸ்திரியக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாப்பாவும் உட்கார்ந்தாள். தையல்காரர் கதவைத் திறந்தவர், இவர்களைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் மூடிக்கொண்டார். அழுது முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கேனை மேலே கொண்டுபோனார்கள். அதன் பிறகு வீட்டில் குழாயைச் சுற்றியிருந்த துணி அவிழ்க்கப்பட்டது. தங்கையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாப்பா வாரம் தவறாமல் அவளுக்குப் போன் செய்து, சித்தி சித்தி என்று முன்னைவிட அதிக நேரம் பேசினாள். பேசிவிட்டு வந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இஸ்திரியக்கா மட்டும் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. தையல்காரரைத் தெரிந்துகொண்டதே ஆயுசுக்கும் போதும், இன்னொருத்தர் சங்கதி எனக்கெதுக்கு என்று, தனக்கான கேனைத் தானே வாங்கிக்கொண்டாள்.

இணைப்பு சரிசெய்யப்படவில்லை. வேறு வீடு மாறினார்கள். அங்கும் அதே தண்ணீர்தான் வந்தது. உள்ளூர்க்காரர்கள் வெளிநாட்டாரிடம் எதையும் விசாரிப்பதை விட்டுவிட்டார்கள். புதிதாக வந்து இறங்குகிறவர்கள் முதல் வாரம் பதறினார்கள், இரண்டாம் வாரம் அழுதார்கள், பிறகு வேலை தேடக் கிளம்பினார்கள்.

பதினெட்டு முடிந்த வெளிநாட்டார் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். பாப்பாவுக்கும் அந்த வயது வந்து அவள் பதிவகத்துக்குள் போனபோது இஸ்திரியக்கா வெளியே பெஞ்சில் இருந்தாள். உள்ளே அதே மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா யார் என்று கேட்பார்கள். ஒரே ஒருவரைத்தான் சொல்லலாம். பாப்பா வெளியே வந்து, “முடிஞ்சுதும்மா, போலாம்” என்றாள். இவள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த நாளே அது தண்ணீரில் வந்துவிட்டது. பஸ் ஓட்டுநருக்குத் தெரிந்தது, சலவைக்கூடத்தில் தெரிந்தது, வீட்டில் புருஷனுக்கும் தெரிந்தது; அவன் அன்று ராத்திரி வழக்கத்துக்கு மாறாக அவளுக்கும் சேர்த்துத் தட்டுக் கழுவினான். அது நல்லதற்கான அடையாளமா, ஆறுதலா என்று அவளுக்குப் புரியவில்லை. பஸ்ஸில் யாராவது அவள் முகத்தைப் பார்த்து வாயெடுத்தால், வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுவாள். அவர்களும் புரிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இப்படியாக, அந்தப் பெண் யாரைத் தன் அம்மா என்று சொன்னாள் என்பது ஊரில் தண்ணீர் குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். இஸ்திரியக்கா வாரம் ஒரு கேன் வாங்குகிறாள். பாப்பா அதை மாடி ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தன் வேலைக்குப் போகிறாள்.