வெறும் வயிறு

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பால் ஊற்றி ரெண்டு கிளாஸ் குடித்துவிட்டு, "இன்னும் பசியாறல" என்று சொல்கிற ஊர் இது. என் வீட்டுக்காரர் மகேன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கொழுந்து மூட்டைகளை லோரியில் ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிற வேலை.

கறியோ எண்ணெயில் சுட்ட ரொட்டி சானாயோ சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி பிடிக்கும். அப்படியே முதுகுக்கும் தோள்பட்டைக்கும் ஏறும். "வாயுதான்லா" என்பார். இஞ்சிச்சாறு, தைலம், கேஸ்ட்ரிக் மருந்து எல்லாம் ஆயிற்று. அவருடைய அண்ணன் காளியண்ணன் செத்துப்போனதிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே மனுஷன் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நான் சண்டை போட்டுத்தான் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "பித்தப்பையில கல்லு இருக்கலாம். ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். வெறும் வயிறா போகணும்" என்று கீழே ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஸ்கேன் அன்று காலை வெறும் தண்ணீர்தான் கொடுத்தேன். வழியில் பிரிஞ்சாங்கில் பெட்ரோல் போட நின்றபோது ஆளைக் காணோம். கழிவறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

ஸ்கேன் எடுத்த நர்ஸ் மிஸ்ஸி அவரோடு கதவைத் திறந்து வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "பை சுருங்கிக் கெடக்கு. ஒன்னும் தெரியல. ஏதும் சாப்பிட்டாரா?"

"இல்ல மிஸ்ஸி. ஒரு பால் தே மட்டும்தான்" என்றார் இவர்.

பால் உள்ளே போனாலே பை பித்தத்தைப் பிழிந்துவிட்டுச் சுருங்கிவிடுமாம். சுருங்கின பையில் கல் எங்கே தெரியும்? அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்கள்.

"புத்தி இருக்கா உங்களுக்கு?" என்று மலை ஏறி முடியும் வரை திட்டினேன். லயத்து வீட்டுக்கு வந்ததும் பார்த்தவர்களிடம் எல்லாம், "ஸ்கேன்ல ஒன்னும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அடுத்த மாதம் வருவதற்குள் வலி வந்துவிட்டது. இந்த முறை இறங்கவே இல்லை. வாந்தி, காய்ச்சல், நடுக்கம். அம்புலன்ஸ் வளைவு வளைவாக ஈப்போவுக்கு இறங்கியது. இவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இந்த முறை பை நன்றாகத் தெரிந்ததாம். உள்ளே கற்கள், ஒன்று பையின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, பை வீங்கிச் சீழ் பிடிக்கிற நிலைமை என்றார் டாக்டர். முதலில் டிரிப்பில் மருந்து. பிறகு ஆப்பரேஷன்.

"கல்ல மட்டும் எடுத்தா திரும்ப வரும்மா. வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பையையே எடுத்துருவோம். அது இல்லாமலே சாப்பாடு செரிக்கும்."

ஆப்பரேஷன் அன்று மிஸ்ஸி வந்து, "ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நான் நம்பவில்லை.

"தே?"

"தொடல."

வாயை முகர்ந்து பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குத் தெரிஞ்சேதான் குடிச்சேன், ரஞ்சிதம்."

எனக்குப் புரியவில்லை.

"எங்கண்ணனும் வயித்து வலின்னுதான் ஸ்கேனுக்குப் போனாரு. புத்துநோய்னு சொன்னாங்க. தீபாவளிக்கு ஆள் இல்ல. எனக்கும் அதையே சொல்லிருவாங்கன்னு பயம். ஒன்னும் தெரியாம போனா போதும்னு இருந்துச்சு."

இன்னொரு கையால் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

"கல்லுதாங்க. கல்லு மட்டும்தான். டாக்டர் சொன்னாருல்ல."

"அண்ணன்கிட்டயும் மொதல்ல ஒன்னுமில்லன்னுதான் சொன்னாங்க. கல்ல நீ பாத்தியா?"

"பாத்தேன். ஸ்கிரீன்ல என் கண்ணால பாத்தேன். கல்லத் தவிர வேற எதுவும் இல்ல."

அவர் பிடி தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் எந்த ஸ்கிரீனையும் பார்க்கவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்த அன்றும் என்னைக் கதவுக்கு வெளியேதான் நிறுத்தியிருந்தார்கள்.