முதலில் எழுதிய மொழி

கதிரவன் கெட்டவன் இல்லை, கண்ணுங்களா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் வந்து, ரேகாவின் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை பார்த்தான். பிச்சாவரம் பக்கத்து நண்டு வியாபாரிகளுக்கு ஒரு போன் ஆப் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆப் ஓட வேண்டிய போனைச் செய்யும் கம்பெனிக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் மொழி. மூன்று வருஷம் முட்டிமோதி அதைப் படித்தவன் கதிரவன். ஆப்பில் தன் பெயர்தான் வரும் என்று நம்பியிருந்தான்.

அதே ஆபீஸில் இருந்த அவன் தங்கை புருஷன் எழிலனுக்கு அந்த மொழியில் ஒரு வரி தெரியாது. அவன் தனக்குத் தெரிந்த வேறு மொழியில் ஆப்பை எழுதி, அதை மாற்றித் தரும் புரோகிராமையும் தானே எழுதிவிட்டான். பட்டனை அமுக்கினால் இரண்டு நிமிஷம். போன் மொழியில் வந்து விழுந்தது.

கதிரவன் அதை வரி வரியாகப் படித்தான். ஒரு பிசிறு கிடைத்தால் போதும் என்றிருந்தது. கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா வேறு, “மாப்பிள்ளை மூளையே மூளை” என்றாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

அப்புறம் போன் கம்பெனியின் லைசென்ஸ் விதிகளைத் தோண்டினான். ‘முதலில் எங்கள் மொழியிலேயே எழுதியிருக்க வேண்டும், வேறு மொழியிலிருந்து மாற்றியது கூடாது’ என்று இருந்தது. ரேகாவிடம் ஓடினான். சொன்னது நிஜம்தான். ஓடிய வேகத்துக்குக் காரணம்தான் வேறு.

“அப்ப நீங்களே எழுதுங்க கதிர். உங்க பேரே போட்டுக்கலாம்” என்றாள் ரேகா.

எழிலன் கோபப்படக்கூட இல்லை. அது இன்னொரு எரிச்சல்.

பத்து நாள் எழுதினான் கதிரவன். எங்கே திணறினாலும் எழிலனுடையதைத் திறந்து பார்த்தான். எழிலன் பின்னால் வந்து நின்றான்.

“என்னா மச்சான், மிஷினு ரெண்டு நிமிஷத்துல மாத்துனத நீ பத்து நாளா கையால மாத்திக்கிட்டு இருக்க?”

“போடா மாப்ள. உன் வேலையப் பாரு.”

ஆப்பை அனுப்பும்போது போன் கம்பெனியின் படிவம் கேட்டது: ‘இது முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது?’ கீழே அவன் பெயர். எழிலன் கேட்டது நினைவுக்கு வந்தது. பத்து நாள் வேலையையும் அழித்தான்.

“பைத்தியமா உனக்கு? சொந்தமா எழுதுனா இவ்ளோ வேகமா ஓடாது மச்சான்.”

“நொண்டட்டும். என்னுதா நொண்டட்டும்.”

இன்னும் மூன்று வாரம். எழிலனின் ஃபைலை அவன் தொடவே இல்லை. கதிரவன் பெயரோடு ஆப் வந்தது. மெதுவாகத்தான் திறந்தது. வியாபாரிகள் யாரும் குறை சொல்லவில்லை.

எழிலன் மட்டும் உள்ளே எழுதியிருந்த வரிகளைப் படித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு மச்சான்” என்றான். மனசாரத்தான் சொன்னான். அன்று எழிலனுடையதில் பிசிறு தேடிய கதிரவனால் அதைத்தான் தாங்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் மத்தியானமே கடலூர் பஸ் ஏறிவிட்டான்.