ஏரியைத் தாண்டிய பந்து

என் கணவர் கடைசியாக அடித்த கோல்ஃப் பந்து ஏரியையே தாண்டிப் பறந்தது. அந்த மைதானத்தில் அவ்வளவு தூரம் யாரும் அடித்ததில்லை. அடித்த கையோடு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்; பிறகு எழவேயில்லை. பந்தைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம், அடையாளத்துக்கு அவர் சிவப்புப் பொட்டு வைத்திருந்த அந்தப் பந்தைக் கொழுந்தன் அக்கரையில் பார்த்திருக்கிறான். தூரத்தை அளக்க டேப்போடு போனபோது அங்கே இல்லை. திரும்பி வந்தால், எங்கள் தெருமுனையில் கிடந்தது.

"பயமாயிருக்கு அண்ணி. தூக்கிப் போட்டுடவா?"

"தொடாதே. உங்கண்ணன் என்னைக்கு நேரத்தோட வீடு வந்து சேர்ந்திருக்காரு?"

இன்று மாலை பந்து வாசற்படியில் இருந்தது. தொட்டேன், அவர் உள்ளங்கை போலச் சூடாக இருந்தது. கதவை விரியத் திறந்து, அவர் செருப்புக்கு இடம்விட்டு என் செருப்பை ஓரமாக நகர்த்தினேன்.