தொட்டிகளின் மூச்சுக்குழாய்

காலையில் கணவர் டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூடத் தெரியாத மனிதர். அன்றைக்கு டீ போட்டதோடு நிற்காமல், குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். வேறொருத்தியாக இருந்தால் பூரித்துப் போயிருப்பாள். இவள் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை அடித்தது. ஒழுங்காகத்தான் கழுவியிருக்கிறார். அதுதான் அவளுக்கு இன்னும் சரியாகப் படவில்லை.

“என்ன விஷயம்?” என்றாள்.

“என்ன விஷயம்? பொண்டாட்டிக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தா அதுக்கும் ஒரு விஷயம் இருக்கணுமா?”

“இருக்கணும்னு இல்ல. இருக்கும்னு தோணுது.”

“இன்னைக்கு உனக்குப் பெரிய நாள். டென்ஷனா இருப்பேன்னு நெனச்சேன், அவ்வளவுதான்.” ஷூவைத் தேடிக்கொண்டே சொன்னார். ஷூ அவர் கையிலேயே இருந்தது.

இருவருக்கும் ஒரே கப்பல் கட்டும் துறையில்தான் வேலை, இப்போது ஒரே கப்பலில். அவர் பெயிண்ட் மேஸ்திரி. இதற்கு முன் இருந்த துறையில், துருவைச் சுரண்டாமலே சுரண்டிவிட்டதாகச் சொல்லி மேலே சாயம் பூசிவிட்டார். ஒரே மழைக்காலத்தில் சாயம் அப்பளம் போல உரிந்து வந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மாதங்களில் அவர் நகத்தைக் கடித்துக் கடித்தே பாதி ஆளாகிவிட்டார். பார்க்கச் சகிக்காமல் இவள்தான் தலைமைப் பொறியாளரிடம் போய் நின்றாள். “அவருக்கு நான் பொறுப்பு சார்” என்று சொன்னாள். சொன்ன நாளிலிருந்து நிம்மதி போயிற்று. கப்பலில் எங்கே நடந்தாலும் புதுச் சாயத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அவருக்கும் அது தெரியும். ஒருமுறை கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, “என்ன மேடம், தூசியா?” என்று கேட்டார். வேலையிடத்தில் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி குத்தல்.

கப்பல் என்றால் தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஊர் உலகத்து வழக்கம். இந்தக் கப்பலுக்கு அந்த வழக்கம் பொருந்தாது. இதன் பின்வயிற்றில் ஒரு நீண்ட கூடம் இருக்கிறது. வேலை செய்பவர்கள் அதைக் கிணறு என்பார்கள். துருப்புகளையும் வண்டிகளையும் கரையில் இறக்குகிற படகு அந்தக் கிணற்றுக்குள் காய்ந்த தரையில் உட்கார்ந்திருக்கும். அதை வெளியே விட வேண்டுமென்றால் கப்பல் வேண்டுமென்றே கொஞ்சம் மூழ்க வேண்டும். பின்பக்கத் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றினால் பின்புறம் தாழும். பின்கதவைத் திறந்தால் கடல் தானாக உள்ளே வரும், படகு மிதந்து வெளியே போகும். படகு திரும்பியதும் கதவை மூடிவிட்டுத் தொட்டி நீரையும் கிணற்று நீரையும் பம்ப் போட்டு இறைத்தால் கப்பல் பழையபடி எழுந்து நிற்கும். எந்தத் தொட்டியில் எவ்வளவு, எதற்குப் பின் எது என்பதெல்லாம் பேலஸ்ட் அறையில் உட்கார்ந்திருப்பவரின் கையில். அந்த நாற்காலி அவளுடையது.

ஒவ்வொரு தொட்டிக்கும் மேல்தளத்தில் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. தண்ணீர் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாக வெளியேறும், இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகும். தளத்துக்குச் சாயம் தெளிக்கும்போது குழாயின் வாய்க்குள் போய்விடக் கூடாது என்று பிளாஸ்டிக் தாளை வைத்து மூடி டேப் சுற்றுவார்கள். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். பெயிண்ட்காரர்கள் மறப்பது இதைத்தான். தாளின் மேலும் அதே சாயம் படிந்துவிடுவதால், குழாயும் மூடியும் ஒரே நிறமாகி, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மூடியோடு தண்ணீர் ஏற்றினால் தொட்டி நிரம்பாமல் அடம்பிடிக்கும், கவனிக்க நேரம் கிடைக்கும். இறைக்கும்போது அப்படியில்லை. பம்ப் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உள்ளே வரக் காற்றுக்கு வழி இருக்காது, தடித்த இரும்புச் சுவர் அப்படியே உள்பக்கமாக மடங்கிவிடும். அப்படி மடங்கிய சுவர் ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள். அதில் சாய்ந்து வேலை செய்துகொண்டிருந்த ஃபிட்டர் இன்றைக்கு ஒற்றைக் காலோடு நடமாடுகிறார்.

வெள்ளோட்டத்துக்காகக் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே, அலை அடங்கிய இடத்தில் நங்கூரமிட்டு நின்றது. மேலே வெள்ளை உடுப்புக் கடற்படை அதிகாரிகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேலஸ்ட் அறையில் அவளும், குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லியான உதவிப் பொறியாளனும், தலைமைப் பொறியாளரும் இருந்தார்கள். தலைமைப் பொறியாளர் ஒவ்வொரு பேச்சுக்கும் இரண்டு தடவை டையைச் சரிசெய்தார். மேல்தளத்தைக் கவனிக்கிற பொறுப்பு மேஸ்திரிக்கு.

“மூச்சுக்குழாய் எல்லாம் திறந்திருக்கா மேஸ்திரி?” என்று அவள் வாக்கிடாக்கியில் கேட்டாள்.

“எப்பவோ கழட்டியாச்சு மேடம். மூடி ஒண்ணுகூட இல்ல.”

பதில் வேகமாக வந்தது. கேள்விக்காகக் காத்திருந்த பதில் போல இருந்தது. அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு, புருஷன் டீ போட்டதற்காகக் கப்பலையா நிறுத்துவது என்று தன்னையே திட்டிக்கொண்டு வால்வுகளைத் திறந்தாள்.

பின் தொட்டிகள் ஜோடியாக நிரம்பத் தொடங்கின. திரையில் நீலப் பட்டைகள் இணையாக ஏறின. பாதிக்குக் கீழேயே இடது கடைசித் தொட்டியின் பட்டை பின்தங்கியது. வலது ஏறிக்கொண்டே போக, இடது மெதுவாகி, நகர மறுத்து நின்றது. கப்பல் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. மேசையிலிருந்த பேனா உருண்டுவந்து குண்டூசியின் முழங்கையைத் தொட்டது.

“சென்சார் தூங்குது” என்றான் குண்டூசி.

“சென்சார் தூங்கினா கப்பல் ஏன் சாயுது?” என்றாள் அவள். “சார், நிறுத்திட்டுப் பாத்துடலாம்.”

“நிறுத்தவா? ஏம்மா, மேல அத்தனை பேர் நிக்கறாங்க! வலதை மட்டும் கொஞ்சம் பிடிச்சு வை, இடது திறந்தே இருக்கட்டும். மேல ஆள அனுப்பிப் பாரு.” டை சரியானது.

அவள் வலது வால்வை மூடினாள். வாக்கிடாக்கியை எடுத்து, குரலில் எதுவும் தெரியாதபடி, இடது கடைசிக் குழாயைப் பார்க்கச் சொன்னாள். “நானே போறேன் மேடம்” என்றார் மேஸ்திரி. யாரையும் அனுப்பாமல் தானே போவது பொறுப்பாகவும் இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். அந்தக் குழாய் தளத்தின் ஓரத்தில், கேமராவுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. திரையில் அவள் பார்க்க முடிந்தது நீலப் பட்டையை மட்டும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை அசையவில்லை. பிறகு, யாரோ பிடரியில் தட்டியதுபோல, திடீரென்று ஏறத் தொடங்கியது. மற்றத் தொட்டிகள் ஏறிய வேகத்தைவிட வேகமாக, பிடித்துவைத்திருந்த மூச்சை ஒரேயடியாக விட்டுவிட்டு ஏறியது.

அது ஏறி நெடுநேரத்துக்குப் பின்தான் வாக்கிடாக்கி கரகரத்தது. “பாத்துட்டேன் மேடம்.” மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. “நல்லா திறந்துதான் இருக்கு. மூடியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“பார்த்தியா? சென்சார்தான்” என்றார் தலைமைப் பொறியாளர்.

பொய். பச்சைப் பொய். தொட்டி மூச்சுவிட்டதை அவள் கண்ணால் பார்த்தாள். அவர் அப்போதுதான் தாளைக் கிழித்திருக்கிறார், கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்திருக்கிறார், பிறகு அவளிடமே மேடம் போட்டுப் பேசுகிறார். கோபத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது. குண்டூசி நீலப் பட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு தன் நகங்களை ஆராயத் தொடங்கினான். இவனுக்கும் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் யாரிடம் சொல்வான்? இத்தனை நாள் புருஷனை மட்டும் சந்தேகப்பட்டவள், ஒரு நிமிடத்தில் அந்த அறையில் இருந்த எல்லோரையும் சந்தேகப்பட்டாள்.

வேலை நிற்கவில்லை. பின்கதவு இறங்கியது, கடல் நுரைத்துக்கொண்டு கிணற்றுக்குள் புகுந்தது, படகு ஆடிக்கொண்டே எழுந்து, வெளியே போய், ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்தது. மேலே கைதட்டல் கேட்டது. கதவு மூடிக்கொண்டது. இனி இறைக்க வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு வியர்த்தது அப்போதுதான். பின் தொட்டிகளைப் பற்றிப் பயமில்லை, அவை இன்றைக்கு நிரம்பிக் காட்டிவிட்டன. நடுத் தொட்டிகள் வேறு கதை. கப்பல் நேராக நிற்பதற்காகச் சாயவேலைக்கு முன்பே நிரப்பி வைத்தவை, இன்றைக்குத்தான் முதன்முதலாகக் காலியாகப் போகின்றன. அவற்றின் குழாய்கள் திறந்திருக்கின்றன என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அவள் புருஷனின் வாய். அந்தத் தொட்டிகளின் சுவருக்கு மறுபக்கம் பம்ப் அறை, அதில் ஆட்கள் இருக்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், கப்பல் நின்றுவிடும். அதோடு அவர் வேலையும் போகும், இந்த முறை எந்தத் துறையும் எடுக்காது. நகம் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த உருவம் கண்ணுக்குள் வந்தது. சொல்லாவிட்டால்? ஒற்றைக் கால் ஃபிட்டரும் கண்ணுக்குள் வந்தார்.

இரண்டையும் செய்யாமல் அவள் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாள்.

“மேஸ்திரி, நடுத் தொட்டிங்கள ஒவ்வொண்ணா இறைக்கப் போறேன். ஒவ்வொரு குழாய் வாயிலயும் உள்ளங்கைய வைங்க. காத்து உள்ள இழுக்குதான்னு சொல்லுங்க. இழுக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் தொடர்ந்து ஓட்டுவேன்.”

வாக்கிடாக்கி கரகரத்தது.

“என்னை நம்பலையாம்மா?”

மேடம் இல்லை. அம்மா. கப்பல் முழுக்கக் கேட்கிற வாக்கிடாக்கியில், வீட்டுக் குரலில் கேட்டுவிட்டார். குண்டூசி தலையைத் தூக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் போய் நின்றுகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

“நம்பறேன். கைய வைங்க.”

நடுத்தளம் கேமராவில் தெரிந்தது. முதல் குழாய்க்கு அவர் நடந்து போனார், குனிந்தார், கையை வைத்தார். அவள் பம்ப்பைப் போட்டாள். “இழுக்குது.” அடுத்ததற்குப் போனார். “இழுக்குது.” எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து போனார். அங்கேயும் “இழுக்குது” என்றார். குரலில் குத்தல் ஏறிக்கொண்டே வந்தது, பார்த்தாயா பார்த்தாயா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பதுபோல இருந்தது. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஒன்றை மறந்திருப்பார், பயந்து மறைத்திருப்பார், யாருக்குத்தான் மறதி இல்லை? வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். தோள் கொஞ்சம் தளர்ந்தது.

மிச்சம் இருந்தது ஒன்று, கிரேனுக்குப் பின்னால் இருந்தது. அவர் கிரேனைச் சுற்றிக்கொண்டு போனார், திரையில் அவருடைய ஒரு தோள் மட்டும் தெரிந்தது. தோள் குனிந்தது, நிமிர்ந்தது.

“சீக்கிரம் ஆகட்டும்மா, மேல காஃபிக்குக் கூப்பிடறாங்க” என்றார் தலைமைப் பொறியாளர்.

அவள் விரலைப் பச்சைப் பொத்தானின் மேல் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் அதுவரை ஒரு பொய் சொன்னதில்லை.

“பம்ப் போட்டுட்டேன் மேஸ்திரி. கைய வைங்க.”

விரல் அழுத்தவில்லை. பம்ப் ஓடவில்லை. அந்தத் தொட்டியின் நீலப் பட்டை விளிம்புவரை நிறைந்து அப்படியே நின்றது.

“இழுக்குது மேடம்” என்று குரல் வந்தது. “நல்லா இழுக்குது.”

திரையில் அவர் கிரேனின் மறைவிலிருந்து வெயிலுக்கு வந்தார். கடற்காற்றில் சட்டை முதுகுப்பக்கம் உப்பியிருந்தது. கேமராவை நிமிர்ந்து பார்த்து, அவளுக்குத் தெரிய வேண்டும் என்றே, உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார்.