நாயின் பெயரில் பெய்யும் மழை

1

நாற்காலியில் நாய் இல்லை. தொப்பி கிடக்கிறது, கறுப்புக் கண்ணாடி கிடக்கிறது, நீலச் சட்டைகூடக் கிடக்கிறது. அதற்குள் இருக்க வேண்டிய மிளகாய் என்கிற நாயை மட்டும் காணோம். எங்களுக்கு முன்னால் நூறு பேர் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போகிறார்கள், பின்னால் நூறு பேர் வருகிறார்கள், நடுவில் சோளக்காட்டுத் திருப்பத்தில் நான்

(இப்படித் தொடங்கினால் யாருக்கும் புரியாது என்று தெரியும். ஆனால் எனக்கு அது இப்படித்தான் தொடங்கியது. கோடு போட்டு அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.)

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். யாராவது பார்த்துவிட்டால் "கதைதானே" என்று சொல்லித் தப்பிப்பதற்காகத்தான் 1, 2 என்று எண் போட்டிருக்கிறேன். எண் போட்டால் நடந்தது மாதிரி இருக்காது.

2

எங்கள் மலையூர் வழக்கம் இது: நடவு முடிந்ததும் நாய்க்கு மனிதச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, ஊர் முழுக்கத் தூக்கிப் போவோம். அதைப் பார்த்து ஊர் சிரிக்க வேண்டும். ஊர் சிரித்தால் மழை வரும். இந்த வருடம் நாற்பது நாள் ஒரு சொட்டு இல்லை. நட்ட நாற்று வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதனால் எல்லோரும் சிரிக்கத் தயாராக வந்திருந்தார்கள்.

நாற்காலியைப் பல்லக்கு மாதிரித் தூக்கும் முன்தண்டு பாவ்ஜின் தோளில். அவன் என் மாமா மகன், என்னைவிட ஒரு வயது பெரியவன். பின்தண்டு அவன் அண்ணன் தெங்கிடம். நாயின் கயிறு என்னிடம். திருப்பத்தில் நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு தெங் சேற்றுச் சண்டைக்குப் போய்விட்டான். நானும் ஒரே ஒரு கை சேறு எடுக்கத்தான் குனிந்தேன்.

"கயிறு எங்கடி?" என்றான் பாவ்ஜின்.

"கையிலதான் இருக்கு."

"நாயி?"

"கயித்துல இல்ல."

"அறிவிருக்கா உனக்கு? காலி நாற்காலி போய் இறங்குச்சுன்னா எங்கப்பா என் தோல உரிச்சு அதுல உக்கார வச்சிருவாரு!"

அவன் அப்பாதான் விழாவை நடத்துபவர். என் மாமா. ஒலிபெருக்கி அவர் கையில்தான் இருக்கும். அது இல்லாமலே அவர் குரல் அடுத்த மலைக்குக் கேட்கும்.

உடனே பாவ்ஜின் நாயின் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். தொப்பியை முகத்துக்கு இறக்கி

3

பொய். மூன்று முறை இப்படியே எழுதிப் பார்த்தேன். முன்தண்டைத் தூக்குகிறவன் நாற்காலியில் எப்படி உட்கார முடியும்? தன்னைத் தானே தூக்கிக்கொண்டா? கதையில்கூட இடிக்கிறது.

நான்தான் ஏறினேன்.

"நீ எத்தன கிலோடி?"

"முப்பத்தெட்டு."

"மிளகா இருவது. பரவால்ல, ஏறு."

"டேய், நான் பொண்ணுடா!"

"இப்ப நாயி. வாய மூடு."

முகத்தில் சேறு அப்பினான். காதில் அப்பினான். முடியைத் தொப்பிக்குள் திணித்தான்.

"நாக்க வெளிய போடு."

"சேறு உள்ள போகுதுடா!"

"நாயி பேசாது."

தெங் ஓடி வந்தான். அவன் கண் இரண்டும் சேறு. பின்தண்டைத் தூக்கியதும் முனகினான்.

"என்னடா இது, இந்தக் கனம் கனக்குது?"

"காலைல கறி தின்னுச்சு."

"முழுப் பன்னியையுமா?"

அவ்வளவுதான் கேட்டான். எங்கள் விழாவில் அந்த நேரத்துக்கு யாருக்கும் முகம் இருக்காது. யார் அண்ணன், யார் எருமை என்று தெரியாது. மிளகாய்தான் உட்கார்ந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் பார்க்கவில்லை. (இந்த வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இது முழு உண்மையா என்று தெரியவில்லை. நான் பயத்தில் கண்ணை மூடியிருந்தேன்.)

ஊர்வலம் போய் முடிகிற மைதானத்தில் ஒரு கட்டிச் சேறு வந்து என் நெற்றியில் அடித்தது. கண்ணெரிச்சல் தாங்காமல் கையை உயர்த்தித் துடைத்துக்கொண்டேன். ஊரே வெடித்தது. அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. என் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாருங்கடி! எங்க யின்லானவிட இந்த நாயி ஒழுங்கா உக்காந்திருக்கு!"

யின்லான் என்பது நான்.*

அப்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

* மிளகாய் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் இருந்தது. புளித்த மீன் பானைக்குள் கழுத்துவரை.

4

இன்றோடு பதினோரு நாள். மழை நிற்கவில்லை.

முதல் மூன்று நாள் ஊர் கொண்டாடியது. மிளகாய்க்குக் கறியும் ஒட்டரிசிச் சோறும் வந்துகொண்டே இருந்தன. தின்று தின்று இப்போது மிளகாய் நடப்பதில்லை, உருள்கிறது. யாரோ எடுத்த காணொளியை வெளியூரில் எல்லாம் பார்க்கிறார்கள். "நாய்க்கு யார் பயிற்சி கொடுத்தது?" என்று கேட்கிறார்கள். மாமா "பரம்பரை" என்று பதில் போட்டிருக்கிறார்.

ஐந்தாம் நாள் மேல் வயலின் கரையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. நேற்று கை நுழைந்தது. அந்த வயலில் நிறையத் தண்ணீர். அதற்கு நேர் கீழே, மலைச்சரிவில், எங்கள் வீடு. வாய்க்காலை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். வெட்டிய இடத்தையும் மழை நிரப்பிவிட்டது. எங்களை மாமா வீட்டுக்கு வரச் சொன்னார்கள். பன்றிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள் அம்மா.

இன்று மாலை மாமா வீடு வீடாக வந்தார்.

"சிரிச்சோம், வந்துச்சு. நாளைக்கு நாயத் திரும்பத் தூக்குறோம். எல்லாரும் அதப் பாத்து அழணும். நின்னுரும்."

"அழுக வரலன்னா, மாமா?" என்றேன்.

"மிளகாப்பொடி கொண்டு வாங்க. எங்க, நீ அழு பாப்போம்."

நான் அழுதேன். உடனே வந்தது.

"பாருங்கய்யா, பச்சப்புள்ள! நாயி மேல எவ்வளவு பாசம்!" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்.

5

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) நான் மாமாவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் என்னை மன்னித்து

(மாமா மன்னிக்க மாட்டார். கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

ஆ) விடிவதற்குள் மழை தானாக நின்றுவிடுகிறது. நான் இந்த நோட்டை எரித்துவிடுகிறேன்.

(ஜன்னல் வழியாகக் கேட்கிறேன். நிற்கவில்லை.)

இ) நாளைக்கு மிளகாய்க்குப் பதிலாக நானே திரும்பவும் ஏறிக்கொள்கிறேன். இதை மாமா போனதும் பாவ்ஜினிடம் கேட்டேன்.

"நாளைக்குச் சேறு கிடையாதுடி. அழுறப்ப யாரும் சேறு எறிய மாட்டாங்க. உன் மூஞ்சி பளிச்சுன்னு தெரியும்."

"அப்ப நாயப் பாத்து அழுதா போதுமா? மழ நாய்க்கு வரலையேடா. அது மீன் தின்னுக்கிட்டு இருந்துச்சு."

"அது மழைக்குத் தெரியுமா?"

"தெரியாதா?"

அவன் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு, "வாயத் தொறந்து சொல்லி வைக்காத," என்றான். "நாயில்ல, நீதான்னு தெரிஞ்சா எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சியா?"

"அடிப்பாங்க."

"மொதல்ல சிரிப்பாங்கடி."

அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. அவன் சொல்வது சரி. தெங் சிரிப்பான், அம்மா தரையில் உட்கார்ந்து சிரிப்பாள், மாமாகூட அடிப்பதற்கு முன்னால் சிரித்துவிடுவார். அன்றைக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு மழை வரும்? அந்தக் கரை தாங்குமா?

சொல்லாமல் விட்டால், நாளைக்கு ஊரே கூடி, அன்றைக்கு அங்கே இல்லாத ஒரு நாயைப் பார்த்து அழும். மழை என்னைத் தேடி வந்திருந்தால், அந்த அழுகை அதன் காதில் விழவே விழாது.

மழையும் எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி ஏமாந்திருந்தால் நல்லது. நான் வாயை மூடிக்கொண்டால் போதும், எங்கள் வீடு பிழைத்துவிடும். ஏமாறவில்லை என்றால்

அம்மா புரண்டு படுக்கிறாள். மேலே கரையிலிருந்து ஏதோ உருண்டு வந்து கூரையில் தட்டுகிறது. கல்லா, மண்ணா என்று தெரியவில்லை. முடிவை எழுத எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், அதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களிடம் கேட்கிறேன்: அன்றைக்கு அந்த நாற்காலியில் மழை யாரைப் பார்த்தது?